ஒரு காது வீட்டுக்கு

காது ஆஸ்பத்திரியில டோக்கன் நம்பரை வாயால கூப்பிடுறாங்க. எந்த மகராசன் போட்ட ஏற்பாடோ, நல்லா இருக்கட்டும். காது சரியில்லாத முப்பது பேரை வரிசையா உக்கார வச்சுட்டு, அந்தக் கோடியில ஒரு பொண்ணு நின்னு பன்னெண்டு, பன்னெண்டுன்னு கத்துது. பன்னெண்டாம் நம்பர்க்காரர் எனக்கு எதுத்தாப்புல உக்காந்து சுவத்துல மாட்டியிருக்கிற காது படத்தைப் பாத்துக்கிட்டு இருக்காரு. பக்கத்துல இருந்தவர் தொடையில தட்டி எழுப்பிவிட்டாரு. வேற நாளா இருந்தா சிரிச்சிருப்பேன். என் டோக்கன் பதினேழு. கூப்பிடும்போது இடது காது அந்தப் பொண்ணைப் பாத்து இருக்கணும், அதுக்குத் தக்கன நாற்காலி தேடித்தான் உக்காந்திருக்கேன். இவரையும் இடது பக்கமே உக்கார வச்சாச்சு. இவருன்னா என் வீட்டுக்காரர், செல்லப்பாண்டி. லோடு ஆட்டோ ஓட்டுறாரு. இன்னைக்கு ஒரு நடையை விட்டுட்டு எனக்காக வந்திருக்காராம், விடிஞ்சதுல இருந்து ஏழு தடவை சொல்லிட்டாரு. "தவமணி, சர்ட்டிபிகேட்டை இன்னைக்கே கையில குடுத்துருவாங்கல்ல?" "குடுத்துருவாங்க." "காது கேக்குதுன்னு எழுதிக் குடுக்க இம்புட்டு நேரமா? உனக்குத்தான் பாம்புக் காதாச்சே, நான் தெருமுனையில திரும்பும்போதே வண்டிச் சத்தம் கேட்டுருமே உனக்கு." கேட்டுரும். இடது காதுல கேட்டுரும். வலது காதுல நீ வாயை வச்சு ஊதுனாலும் எனக்கு ஒண்ணுந்தான் கேக்காது, பத்து மாசமா கேக்கலை, ஒரே கட்டில்ல படுத்துக்கிட்டு உனக்கு அது தெரியலை பாத்தியா, அதை என்னன்னு சொல்ல. பத்து மாசமா உன்னை இடது பக்கமே நிறுத்தி, உக்கார வச்சு, படுக்க வச்சு, சாமி கும்பிடப் போனாலும் இடது பக்கமே தள்ளிக் கூட்டிட்டுப் போறேன், ஏண்டி இப்படி மாறி மாறி வர்றேன்னு ஒரு வார்த்தை கேட்டிருப்பியா. பதிமூணைக் கூப்பிட்டாச்சு.

திங்கக்கிழமை வேலையில சேரணும். ஒரு பெரிய ஆஸ்பத்திரியோட ஆம்புலன்ஸ் கன்ட்ரோல் ரூம். போன் வரும், எடுக்கணும், எந்த எடம், யாருக்கு, என்ன ஆச்சுன்னு கேக்கணும், கேட்ட கையோட வண்டி டிரைவருக்கு வயர்லெஸ்ல சொல்லணும். ஒரு காதுல போன், ஒரு காதுல வயர்லெஸ். அதுக்குத்தான் ரெண்டு காதும் தேறணும்ங்கிறாங்க. இருநூறு பேர் வந்த எடத்துல ஒன்பது பேரை எடுத்தாங்க, அதுல நான் ஒருத்தி, பன்னெண்டாவது படிச்சவ, முப்பத்தெட்டு வயசு, இதுக்கு முன்னாடி ஒரு ஆபீஸ் நாற்காலியில உக்காந்தது கிடையாது. நீலக் கலர் சேலை, கழுத்துல என் போட்டோ போட்ட அட்டை. அட்டையில என் பேரு மட்டும் இருக்கும், இன்னார் சம்சாரம்னு இருக்காது. எடுத்த அன்னைக்கு தாமோதரன்னு ஒரு சார், அவர்தான் அந்த ரூமுக்குப் பொறுப்பு, எங்க ஒன்பது பேரையும் நிக்க வச்சு ஒண்ணே ஒண்ணு சொன்னாரு. "இங்க யூகம் பண்ற ஆளு எனக்கு வேண்டாம். கேக்கலைன்னா கேக்கலைன்னு சொல்லுங்க, திருப்பிக் கேளுங்க, பத்து தடவை கூட கேளுங்க. நீங்களா ஒண்ணு நெனச்சுக்கிட்டு வண்டியை அனுப்பிட்டீங்கன்னா அந்தப் பக்கம் ஒரு உசுரு போயிரும்." எல்லாரும் தலையாட்டுனாங்க. நானும் ஆட்டுனேன். எனக்குத் தெரிஞ்ச ஒரே தொழில் யூகந்தான், மூணு வருசமா அதைத்தான் செஞ்சுக்கிட்டு இருக்கேன்.

அந்தத் தொழில்ல என்னைக் கொண்டாந்து விட்டவ கயல். கயல் என் நாத்தனார், இவரோட தங்கச்சி. "மதினி, பாட்டு கேட்டா காசு தர்றாங்க மதினி, சமைச்சுக்கிட்டே கேக்கலாம், நல்ல சைடு வருமானம்"னு சொல்லி என் போன்ல ஒரு ஆப்பை ஏத்திக் குடுத்துட்டுப் போனா. அவ ஒரே வாரத்துல விட்டுட்டா, போரடிக்குதாம். போரடிக்கிறதுக்கு எனக்கு யாரு நேரம் குடுத்தா. சைடு வருமானம்ங்கிற வார்த்தையே இப்ப எனக்கு ஆகாது. நடுவுல ஒரு வருமானம் இருந்தாத்தானே சைடுல ஒண்ணு வரும், எனக்கு ஏது நடு? ஊர் பேர் தெரியாத ஆளுங்க புதுசா பாட்டுப் போடுவாங்க, அதை வெளியில விடுறதுக்கு முன்னாடி நாலு பேர் காதுல போட்டுப் பாப்பாங்க, அந்த நாலு பேர்ல நான் ஒருத்தி. பாட்டு முழுசும் கேக்கணும், பத்துக்கு இத்தனைன்னு மார்க் போடணும், ரெண்டு வரி எழுதணும். நடுவுல எங்கயாச்சும் டிங்குன்னு சின்னதா ஒரு மணி அடிக்கும், அடிச்ச மூணு செகண்டுக்குள்ள திரையைத் தொடணும். ஆள் முழிச்சிருக்காளா, இல்லை போனை ஓட விட்டுட்டுத் துணி துவைக்கப் போயிட்டாளான்னு சோதனை பண்றாங்களாம். கண்ணுக்குத் தெரியாத எவனோ ஒருத்தன் என்னைத் திருடின்னு மொதல்லயே முடிவு கட்டிட்டுத்தான் வேலையே குடுக்கிறான். மணியைத் தவறவிட்டா நட்சத்திரம் குறையும், நட்சத்திரம் குறைஞ்சா பாட்டு வராது. அந்த மணியையும் என்ன லேசா வச்சிருப்பான்கிறீங்க! மேளம் மொத்துற எடமாப் பாத்து, கூட்டமா கத்துற எடமாப் பாத்து அதுக்கு அடியில ஒளிச்சு வச்சிருப்பான் பாவி. அதைப் பிடிக்கணும்னா சத்தத்தை முழுசா ஏத்தணும். ஏத்துனேன். ஒரு நாளைக்கு அஞ்சு மணி நேரம், ஆறு மணி நேரம், ஞாயித்துக்கிழமை கூட விடலை.

ஏத்துனது அம்புட்டும் ஒரே காதுல. அதை நெனச்சாத்தான் எனக்கு வயிறு எரியுது. மொத நாள் ரெண்டு காதுலயும் மாட்டிக்கிட்டுத்தான் உக்காந்தேன். பால் பொங்கி அடுப்பு அணைஞ்சு போச்சு, அத்தை உள்ரூம்ல இருந்து தண்ணி கேட்டுக் கேட்டு ஓஞ்சு போய் தானே எந்திரிச்சு வந்துட்டாங்க, இவரு வாசல்ல நின்னு கதவைத் தட்டோ தட்டுன்னு தட்டியிருக்காரு. உள்ள வந்தவரு என் ரெண்டு காதையும் பாத்தாரு. "வீட்டுல ஒருத்தி இருக்காளா செத்தாளான்னு தெரிய வேண்டாமா? ஒரு காதையாவது வீட்டுக்குத் தொறந்து வையி"ன்னாரு. கோவமா கூட சொல்லலை, சட்டையைக் கழட்டிக்கிட்டே சாதாரணமா சொன்னாரு. நானும் என்ன பெரிய மகாராணி, இடது காதுல இருந்து உருவித் தொங்க விட்டுட்டேன். அன்னையில இருந்து ஒரு காது ஆப்புக்கு, ஒரு காது வீட்டுக்கு. குக்கர் விசில், தண்ணி லாரி, பால்காரர், அத்தையோட இருமல், எல்லாம் இடது. வலதுல மேளம். இவரு கிரிக்கெட் பாக்கும்போது ரெண்டு காதையும் அடைச்சுக்கிட்டுத்தான் பாப்பாரு, அடுப்புல வீடே எரிஞ்சாலும் கடைசி ஓவர் முடிஞ்சுதான் திரும்புவாரு, அவரை யாரும் வீட்டுக்கு ஒரு காது கேட்டது கிடையாது. எனக்கு ரெண்டு காதுலயும் பாதிப் பாதி சத்தமா போயிருந்தா இம்புட்டு ஆகியிருக்காதோ என்னமோ. டாக்டரைக் கேட்டாத் தெரியும். கேட்டா ஏன் கேக்குறேன்னு இவரு கேப்பாரு. ஆப்புக் காசுல வாங்குன பிரிட்ஜ்ல இருந்துதான் தினம் குளுகுளுன்னு தண்ணி எடுத்துக் குடிக்கிறாரு, குடிச்சிட்டு, பாட்டு கேக்குறதெல்லாம் ஒரு வேலையான்னு சிரிக்கிறாரு. பதினாலு போயிருச்சு, பதினஞ்சும் உள்ள போறாங்க.

எப்பப் போச்சுன்னு கேட்டா எனக்குச் சொல்லத் தெரியாது. மொதல்ல ஒரு ஈய்ங்கிற சத்தம் உள்ளேயே கேட்டுக்கிட்டு இருந்துச்சு, பக்கத்து வீட்டுல மிக்ஸி ஓடுதுன்னு நெனச்சேன். எந்த வீட்டுல பகல் பூரா மாவாட்டுவாங்க? அப்புறம் பழகிருச்சு. போன வருசம் ஒரு நாள் வலது காதுல ஒரே அரிப்பு, சரி இன்னைக்கு மாத்தி மாட்டுவோம்னு இடதுல மாட்டுனேன். பாட்டு ஓடுது. டிங். அய்யய்யோ, அப்படியே தூக்கிப் போட்டுருச்சு எனக்கு. இம்புட்டு தெளிவாவா அடிக்கும் இந்த மணி? பளிச்சுன்னு, பக்கத்துல நின்னு கரண்டியால டம்ளரைத் தட்டுன மாதிரி. அப்ப நேத்து நான் எதைக் கேட்டுத் தொட்டேன்? முந்தாநேத்து எதைக் கேட்டுத் தொட்டேன்? திரும்ப வலதுல மாட்டிப் பாத்தேன். மணி கேக்கலை, மேளம் மட்டும் எங்கயோ தூரத்துல மொத்துது. ஆனா என் விரல் போய் சரியா தொட்டுட்டு வருது. பாட்டு மூச்சு வாங்குற எடம், ரெண்டாவது சரணத்துக்கு மேளம் கூடுற எடம், அங்க வைப்பான்னு விரலுக்குத் தெரிஞ்சிருக்கு, காதைக் கேக்காமயே அது பாட்டுக்குப் போய் வேலையை முடிச்சிருக்கு. நூத்துக்கு நூறு. அந்த மாசந்தான் ஆப்புல இருந்து எனக்குச் சிறந்த செவின்னு ஒரு பட்டம் அனுப்பி வச்சான், தங்கக் கலர்ல, நடுவுல என் பேரு. கயல் அதைக் குடும்பக் குரூப்புல போட்டு, எங்க மதினி எங்க மதினின்னு ஒரே கொண்டாட்டம். பெரியப்பா மக்க வரைக்கும் கை தட்டுற படம் போட்டாங்க. செவிட்டுச் சிறுக்கிக்குச் சிறந்த செவி. நான் பாத்ரூம்ல போய் குழாயைத் தொறந்து விட்டுட்டு அழுதேன், அந்தத் தண்ணிச் சத்தமும் எனக்கு ஒரு பக்கமாத்தான் கேட்டுச்சு.

ஒழுங்கா கேட்டது ஒரே ஒரு தடவை. அதுக்குப் பட்ட அடி இன்னும் ஆறலை. சேந்து நாலு மாசம் இருக்கும், அப்ப காது நல்லாத்தான் இருந்துச்சு. ஒரு பொம்பளைக் குரல் வந்துச்சு. வயசு நாப்பதுக்கு மேல இருக்கும், மேல ஏறும்போது பிசிறு தட்டுது, அவ அதை மறைக்கவும் இல்லை. கூட ஒரே ஒரு மேளம். கட்டுனவன் போன அன்னைக்கு எந்தச் சொந்தமும் வாசப்படி ஏறலை, வளத்த ஆடு மட்டும் வந்து கதவை முட்டுச்சுன்னு பாடுறா. வெங்காயம் உரிச்சுக்கிட்டு இருந்தேன், கை நின்னு போச்சு. அந்த ஆட்டை நான் பாத்தேங்க, கண்ணால பாத்தேன். மணி அடிச்சிருக்கு, நான் தொடலை, எனக்கு மணி அடிச்சதே தெரியலை. பத்துக்குப் பத்து போட்டேன். ரெண்டு வரி கேட்ட எடத்துல எட்டு வரி எழுதுனேன். இந்த அக்காவைப் பாட விடாம இருந்துராதீங்கன்னு எழுதுனேன். மறுநாள் காலையில வந்துச்சு பாருங்க எச்சரிக்கை. உங்கள் மதிப்பெண் மற்றவர்களின் மதிப்பெண்ணுடன் ஒத்துப்போகவில்லை, கவனக்குறைவு, ஒரு நட்சத்திரம் கழிக்கப்பட்டது. கவனக்குறைவு! உசுரைக் குடுத்து கேட்டது கவனக்குறைவு, விரலை ஆட்டிக்கிட்டு உக்காந்திருந்தா சிறந்த செவி. அன்னைக்குப் பிடிச்சேன் ஆறு. எல்லாத்துக்கும் ஆறு. நன்றாக உள்ளது, இசை இனிமைன்னு எல்லாத்துக்கும் அதே ரெண்டு வரி. ரெண்டு மாசம் கழிச்சு அதே குரல் இன்னொரு பாட்டோட வந்துச்சு. மொத வரியிலயே அடையாளம் தெரிஞ்சிருச்சு எனக்கு. என்ன போட்டேன்னு நெனைக்கிறீங்க? ஆறு. நன்றாக உள்ளது, இசை இனிமை. அதுக்கப்புறம் அந்தக் குரல் வரவே இல்லை. அவளுக்கு யாரு ஆறு போட்டாங்கன்னு அவளுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்ல. ஆப்புக்காரனை வையலாம், கயலை வையலாம், இவரை நாள் பூரா வையலாம், அந்த ஆறு நான் போட்ட ஆறு.

"தவமணி, இங்க பாரு." தோளைத் தொட்டாரு. "நம்ம தெரு பூராவும் சொல்லிட்டேன், என் பொண்டாட்டி ஆம்புலன்ஸ்ல வேலை பாக்கப் போறான்னு. டீக்கடையில சின்னச்சாமி நம்பலை. எந்த வண்டியை எங்க அனுப்பணும்னு இவதாண்டா சொல்லுவான்னேன், அவன் மூஞ்சியைப் பாக்கணுமே." சொல்லும்போது முகம் மலந்து போய் கிடக்கு, கல்யாணத்தப்ப இருந்த முகம். இதைத்தான் என்னால தாங்க முடியலை. கோவமா ஏதாச்சும் பேசுனா நானும் பேசிட்டுப் போயிருவேன், இப்படிப் பெருமையா பாத்தா நான் என்னதான் செய்யிறது? "ஏங்க, ஒருவேளை தேறலைன்னா?" "தேறாம எங்க போகுது? நீ கேட்ட பாட்டுக்கு உனக்குத்தான் மொத மார்க்கு." சுத்தம். இதுக்கு மேல இந்த மனுசன்கிட்ட என்னத்தைச் சொல்ல? சரி, சொல்ல வேண்டாம், யாருகிட்டயும் ஒண்ணும் சொல்ல வேண்டாம். உள்ள போனா என்ன நடக்கும்னு கயலோட போன்ல வீடியோ பாத்து வச்சிருக்கேன். சத்தம் வந்தா ஒரு பொத்தானை அழுத்தணும், அம்புட்டுத்தான். அதே மணி, அதே விரல். நான் பாக்காத மணியா? ஒரு சத்தத்துக்கும் அடுத்த சத்தத்துக்கும் நடுவுல எம்புட்டு விடுறாங்கன்னு இடது காதுலயே பிடிச்சு வச்சுக்கிட்டா, வலதுக்கு மாறும்போது அதே கணக்குல அழுத்திட்டுப் போயிரலாம். ஆயிரக்கணக்கான பாட்டுல தப்பிச்ச விரலுக்கு இது ஒரு பெரிய காரியமா? என் காதைத் தின்னதுக்கு அந்த வேலை எனக்கு இம்புட்டாவது குடுக்கட்டுமே. ஒருத்தர் குடியையும் நான் கெடுக்கலை, எனக்குச் சேர வேண்டியதை எடுத்துக்கிறேன். "பதினேழு!" கேட்டுச்சு. எந்திரிச்சேன். "தைரியமாப் போயிட்டு வா"ன்னாரு இவரு.

பஞ்சு ஒட்டுன சின்ன அறை. கதவைச் சாத்துனா வெளி உலகமே இல்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வெள்ளைக் கோட்டு போட்ட பொண்ணு, இருபத்தஞ்சு வயசு இருக்கும். உள்ள வந்து ரெண்டு காதையும் மூடுற மாதிரி பெருசா ஒரு ஹெட்போனை மாட்டி விட்டா. ரெண்டு காதுலயும் மாட்டி எத்தனை வருசமாச்சு! கையில பொத்தானைக் குடுத்தா. "அக்கா, எவ்வளவு சின்னதா கேட்டாலும் அழுத்துங்க. கேக்கலைன்னா சும்மா இருங்க." இடது காது மொதல்ல. வந்துச்சு, அழுத்துனேன். வந்துச்சு, அழுத்துனேன். தூசி மாதிரி வந்ததைக் கூட பிடிச்சேன், பாம்புக் காதுதான், பொய்யில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவ தலையாட்டிக்கிட்டே எழுதுறா. நான் ஒரு பக்கம் எண்ணிக்கிட்டே இருக்கேன், ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, வருது. ஒண்ணு, ரெண்டு, மூணு, வருது. சரி, பிடிச்சாச்சு. "வலது பக்கம் பாப்போமாக்கா." தலையாட்டுனேன். உள்ள ஈய்ங்கிற சத்தம் மட்டும் ஓடுது. ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு. அழுத்துனேன். ஒண்ணு, ரெண்டு, மூணு. அழுத்துனேன். ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு. அழுத்துனேன். என்ன லாவகமாப் போகுது என் விரல், இதுக்கும் ஒரு தங்கப் பட்டம் குடுங்கடா. இடது காதுல அந்தப் பொண்ணு குரல் வந்துச்சு, மெதுவா, வையாம, "அக்கா, நான் இன்னும் சத்தமே விடலை. பேப்பர் மாத்திக்கிட்டு இருக்கேன்."

உடம்பு பூரா சூடு ஏறிருச்சு எனக்கு. அவ மேல கோவம், இந்தப் பஞ்சு அறை மேல கோவம், திருட்டு விரல் மேல கோவம், அறுத்துப் போடலாம் போல இருந்துச்சு அந்த விரலை. "பதட்டப்படாதீங்க, திரும்ப ஆரம்பிக்கிறேன்"ங்கிறா. பதட்டமா? தாயி, எனக்கு எங்கயும் பதட்டம் இல்லை, அதுதான் கோளாறே. ஒரு பிள்ளைக்கு வலிப்பு வந்து பெத்தவ போன்ல கத்துனாலும் நான் பதட்டப்படாம, வயர்லெஸ்ல டிரைவர் கேக்குறது காதுல விழாமலே சரி சரின்னு சொல்லி, எங்கயோ ஒரு தெருவுக்கு வண்டியை அனுப்பிட்டு இசை இனிமைன்னு எழுதிட்டு வந்துருவேன். அங்கயும் ஆறுதான் போடுவேன். என்னை எனக்குத் தெரியாதா? அவ உக்காந்திருக்கிற பக்கம் பாத்தேன். மெஷினைத் தட்டி சத்தம் விடும்போதெல்லாம் அவ வலது தோள்பட்டை லேசா அசையுது. கண்ணாடியில நல்லாத் தெரியுது. எண்ணக்கூட வேண்டாம், தோளைப் பாத்தே அழுத்திரலாம், ஒண்ணு கூடத் தப்பாது, திங்கக்கிழமை நீலச் சேலை, கழுத்துல அட்டை, வெளிய அந்த மலந்த முகம். தோள் அசைஞ்சுச்சு. கண்ணை இறுக்கி மூடிக்கிட்டேன். கனத்த சத்தம் ஒண்ணு எங்கயோ தூரத்துல கேட்டுச்சு, அழுத்துனேன், அது நிசமாக் கேட்டது. இன்னொண்ணு கேட்டுச்சு, அழுத்துனேன். அதுக்கப்புறம் ஒண்ணும் இல்லை. கட்டைவிரல் பொத்தான் மேல துடிக்குது, இப்ப, இப்ப, இப்ப வந்திருக்கும்னு அடிச்சுக்குது, நான் அதைப் பிடிச்சு வச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன். கதவு தொறந்து வெளிக்காத்து முகத்துல படுற வரைக்கும் நான் அழுத்தலை.